நேரம் கருதி…

அன்புள்ள ஐயா,

தருமபுரியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதியில் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கருத்தரங்கில் கட்டுரை வாசித்த சான்றிதழ் குறைந்தது இரண்டு இருந்தால்தான் ஆய்வேட்டை வாங்குவார்கள் என்று சீனியர்கள் சொன்னார்கள். போன மாதம் ஒன்றுக்குப் போனேன். பதிவுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. விடியற்காலை பஸ் ஏறியும் மதியம் மூன்று மணிக்குத்தான் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்புவதற்குள் "நேரம் கருதி முடித்துக்கொள்ளுங்கம்மா" என்றார் அமர்வுத் தலைவர். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இனியும் போகத்தான் வேண்டுமா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளைக் கட்டாயமாக்கியது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறை. 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறையில் அது இல்லை. ஆனாலும் உங்கள் பல்கலைக்கழகம் தன் அளவில் அதை வைத்திருக்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குரிய விதிகளை ஆய்வுப் பிரிவில் கேட்டு வாங்கிப் படியுங்கள். சீனியர் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் போய்வந்த மாதிரிக் கூட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். குத்துவிளக்கு, வாழ்த்துரை, பொன்னாடை என்று பதினொன்றரை ஆகிவிடும். மிச்ச நேரத்தில் அத்தனை கட்டுரைகளையும் நாலு வகுப்பறையில் பிரித்து அடைப்பார்கள். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் கல்லூரிக்கு. அவர்கள் வேலை அன்றோடு முடிந்தது, உங்கள் வேலை தொடங்கவே இல்லை.

ஆனால் நடுகல் ஆய்வு தனியாக உட்கார்ந்து செய்கிற காரியமில்லை. வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துமுறையில், தேய்ந்துபோன ஓர் எழுத்து பகரமா வகரமா என்பதில் ஊர்ப்பெயரே மாறிவிடும். இன்னொரு சிக்கல் உங்கள் பகுதிக்கே உரியது, மாவட்டங்கள் பிரிந்ததால் வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஒரு கல், 1965க்கு முந்திய குறிப்பில் சேலம் மாவட்டத்தில் இருக்கும், 2004 வரை தருமபுரியில், அதன்பிறகு கிருஷ்ணகிரியில். புதிதாகக் கண்டேன் என்று நீங்கள் சந்தோஷப்படும் கல், பழைய தொகுப்பில் வேறு முகவரியோடு கிடக்கலாம். இதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற கல்வெட்டாய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து உட்காரும் கூட்டம் எதுவோ அதற்குப் போங்கள்.

தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆண்டுக் கருத்தரங்கை முதலில் சொல்வேன். அவர்களுடைய 'ஆவணம்' இதழில் பள்ளி ஆசிரியர்கள்கூடத் தங்கள் கண்டுபிடிப்புகளை எழுதுகிறார்கள். பட்டத்தைவிடக் கல்லுக்கு மதிப்புள்ள இடம். 1935இல் புனேயில் தொடங்கிய இந்திய வரலாற்றுப் பேரவை பெரியது, தொல்லியலுக்குத் தனி அமர்வே உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவை கட்டுரை இல்லாமல், சும்மா கேட்கப் போனாலும் நஷ்டமில்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாததும் மாநாட்டில் நடக்கும். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழைத்தேயவியல் அறிஞர்கள் மாநாடு கூடியது. அதற்கு வந்திருந்த தமிழறிஞர்கள் தனிநாயகம் அடிகளின் முயற்சியில் சேர்ந்து உட்கார்ந்தபோது உருவானதுதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியது அதுதான்.

வாசிக்கக் கிடைப்பது ஐந்து நிமிடம் என்றால் ஒரே ஒரு கல்லைப் பற்றிப் பேசுங்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று தொல்காப்பியம் சொல்லும் நடுகல் சடங்குகளில் தொடங்காதீர்கள், எதிரே இருப்பவர்களுக்கு அது மனப்பாடம். கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த மைப்படியைப் பெரிதாகப் பிரதி எடுத்துக் கையில் வைத்திருங்கள். டீ இடைவேளையில் பெரியவர் ஒருவரிடம் நீட்டி, "இந்த மூணாவது வரி எனக்குப் பிடிபடலைங்க ஐயா" என்று சொல்லிப் பாருங்கள். டீயை ஆறவிட்டு அவர் கண்ணாடியைத் தேடுவார்.

இரவு தங்க வேண்டியிருந்தால், மாணவிகள் விடுதியில் இடம் தருவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து கேளுங்கள். கூச்சமாக இருந்தால் உங்கள் நெறியாளரைக் கேட்கச் சொல்லுங்கள்.