எலிசபெத் பாத்தோரி இளம்பெண்களின் ரத்தத்தில் குளித்தது உண்மையா?

ரத்தக் குளியலுக்கு ஆதாரமே கிடையாது. இந்த ஹங்கேரியச் சீமாட்டி மீதான விசாரணையில் சுமார் 300 பேர் சாட்சி சொன்னார்கள். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. அந்தக் கதை அச்சேறியதே 1729-இல், அவர் இறந்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான்.

அதற்காக அவரை நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. அடி, சூடு, பட்டினி, கடுங்குளிரில் உடம்பில் தண்ணீர் ஊற்றியது எனச் சித்திரவதைகள் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. 650 கொலைகள் என்பது மட்டும் ஒரே ஒரு பெண் கேள்விப்பட்டுச் சொன்னது. பிடிபட்ட வேலையாட்கள் சொன்ன கணக்கு சில டஜன்கள்தான், அதுவும் சித்திரவதைக்கு நடுவே.

சதி என்று வாதிடுபவர்களும் உண்டு. கணவர் 1604-இல் இறந்தபின் பெரும் சொத்து அவர் கையில் இருந்தது. மன்னர் மத்தியாஸ் அந்தக் குடும்பத்துக்குக் கடன்பட்டிருந்தார். இது யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனாலும் அத்தனை சாட்சிகளையும் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. செத்தவர்கள் பெரும்பாலும் ஏழை வேலைக்காரப் பெண்கள். பிரபு வீட்டுப் பெண்களும் சாகத் தொடங்கியபின்தான் புகார் எடுபட்டது.

1611 ஜனவரியில் வேலையாட்கள் மூவருக்கு மரண தண்டனை. அவருக்கோ வழக்கே நடக்கவில்லை. இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள தன் சாக்திட்செ கோட்டையிலேயே அடைபட்டு 1614-இல் இறந்தார்.