வாகனக் கேள்வி பதில்: இரவில் அலறும் பழைய கார்

கேள்வி: என்னிடம் 1999ஆம் ஆண்டு ஐரோப்பியக் கார் ஒன்று இருக்கிறது. மழை தொடங்கிய நாளிலிருந்து நடுச்சாமத்தில் தானாக அலாரம் அடிக்கிறது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, முகம் கொடுக்க முடியவில்லை. சில காலைகளில் எஞ்சின் ஸ்ரார்ட் வந்து உடனே நின்றும் விடுகிறது. கராஜ்காரர் ஒருவர் அலாரம் வயர் எல்லாவற்றையும் வெட்டிவிடுவோம் என்கிறார். வெட்டலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: வெட்ட விடாதீர்கள், ஐயா. கிளிநொச்சியில் வாகன வயர் வேலை பார்க்கிறவன் நான். வெட்டிய பிறகு கயிறு கட்டி இழுத்துவந்த கார்கள் பலவற்றைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அலாரம் வேறு, இமொபிலைசர் வேறு. அலாரம் ஊரைக் கூப்பிடும். இமொபிலைசர் சத்தமே போடாமல் எஞ்சினைப் பூட்டிவைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களுக்கு இமொபிலைசர் கட்டாயம், ஆகவே உங்கள் காரிலும் பெரும்பாலும் இருக்கும். சில கார்களில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. அங்கே தெரியாமல் ஒரு வயரை வெட்டினால் சத்தமும் நிற்கும், காரும் நிற்கும்.

முதலில் பற்றரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்ரார்ட் அடிக்குமுன் மீற்றரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பற்றரி. 12.2 என்றால் பாதிதான். மின் அழுத்தம் இறங்கினால், யாரோ பற்றரியைக் கழற்றுகிறான் என்று நினைத்துக் கத்தும் அலாரங்கள் உண்டு. பற்றரி பழையதென்றால் மற்ற எதற்கும் காசு செலவழிக்குமுன் அதை மாற்றுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது "மழை தொடங்கிய நாளிலிருந்து" என்ற சொல். காரை வேப்பமரத்துக்குக் கீழேதானே விடுகிறீர்கள்? வன்னியில் வெயிலுக்குப் பயந்து எல்லோரும் அப்படித்தான் விடுகிறோம். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கும் பள்ளத்தைக் கையால் துழாவிப் பாருங்கள். வேப்பஞ் சருகும் பூவும் புழுதியும் சேர்ந்து களிபோல அடைத்திருக்கும். அந்தப் பள்ளத்தின் மூலையில் தண்ணீர் போகும் துவாரம் உண்டு. அது அடைபட்டால் கார்த்திகை மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தை நனைக்கும். பல ஐரோப்பியக் கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி அடிப்பஞ்சை அமுக்குங்கள். தண்ணீர் வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. துவாரத்தைத் துப்புரவாக்கி, பற்றரியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பிளக்குகளை எடுத்துக் காயவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, நிழலில் காற்றுப் போதும்.

பொனற்றுக்குக் கீழே ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. அது துருப்பிடித்தால் பொனற் திறந்திருக்கிறது என்று அலாரம் நம்பிவிடும். அப்புறம், அறுவடைக் காலத்தில் எலி. நெல் மூடை இருக்கும் வீட்டில் எஞ்சினுக்குள் எலி கூடு கட்டாத வருடம் இல்லை, வயர் உறைகளைக் கட்டாயம் பாருங்கள்.

இவை எல்லாம் சரியென்றால் சைரன். அதற்குள் தனியாக ஒரு குட்டிப் பற்றரி இருக்கும். கள்ளன் பெரிய பற்றரியைக் கழற்றினாலும் கத்தவேண்டும் என்று வைத்தது. இருபது வருடம் கடந்தால் அது கசியும். போன மாரியில் பரந்தனிலிருந்து வந்த காரின் சைரனை வாள் அலகால் கீறித் திறந்தேன். உள்ளே மூன்று செல்கள். ஒன்றின் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதன் கீழே செப்புக் கோடு பச்சையாகி, நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அப்படிப்பட்ட சைரனைக் கழற்றிவிடலாம். பெரும்பாலான கார்களில் அதனால் எஞ்சின் ஓட்டத்துக்குப் பாதிப்பில்லை. பிளக்கை இழுத்ததும் தன் சொந்தப் பற்றரியில் சற்று நேரம் அலறும். பகலில், குழந்தை விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, அயலுக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இனி, ஸ்ரார்ட் வந்து நிற்பது. திறப்பின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது, அதற்குப் பற்றரி கிடையாது. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள செப்புக்கம்பி வளையம் அதைத் தட்டி எழுப்பும். சிப் தன் இலக்கத்தைச் சொல்லும். சரியென்றால்தான் எஞ்சினின் கணினி எரிபொருள் விடும். நிற்கும்போது டாஷ்போர்டில் திறப்பு அல்லது பூட்டுப் படமுள்ள சிவப்பு லைற் மின்னுகிறதா பாருங்கள். மின்னினால் சிப், வளையம், அதன் பிளக், அல்லது நனைந்த பெட்டி. லைற் வழமைபோல அணைந்த பிறகும் எஞ்சின் நின்றால் இமொபிலைசரைக் குற்றம் சொல்லாதீர்கள், பெற்றோல் பம்ப் பக்கம் தேடுங்கள்.

இரண்டாவது திறப்பு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். 2010க்குப் பிறகு தெற்கிலிருந்து கைமாறி வந்த எத்தனையோ கார்கள் ஒற்றைத் திறப்போடுதான் வன்னிக்கு வந்தன. ஒரு திறப்பு வேலை செய்யும்போதே இன்னொன்று பதிவது சுலபம். அதுவும் தொலைந்தால் செலவு பல மடங்கு. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம்வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால் பழைய காரின் மதிப்பு உங்களுக்கே தெரியும். அந்த மதிப்பைக் காப்பது இந்த இமொபிலைசர்தான். அதை விட்டுவைத்துச் சைரனை மட்டும் கழற்றுங்கள்.

கேள்வி: திறப்பின் உறை உடைந்ததால் மகன் கடையில் புது உறை மாற்றினார். றிமோட்டில் கதவு திறக்கிறது, எஞ்சின் மட்டும் வேலை செய்யவில்லை. பெட்டி பழுதா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: பெட்டியில் கை வைக்காதீர்கள், அம்மா. கதவு திறக்கும் றிமோட்டும் எஞ்சினுக்கான சிப்பும் பல திறப்புகளில் வேறு வேறு. றிமோட் பலகையை மாற்றியவர் சிப்பைப் பழைய உறையிலேயே விட்டிருப்பார். நெல்மணியைவிடச் சற்று நீளமான கண்ணாடிக் குழாயாகவோ, சிறு கறுப்புக் கட்டியாகவோ ஒரு மூலையில் ஒட்டியிருக்கும். பழைய உறையைக் குப்பையில் போடுமுன் எடுத்து, துவாரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு புதுத் திறப்பால் திருகிப் பாருங்கள். ஸ்ரார்ட் வந்தால் சிப்பை நகத்தால் மெதுவாகக் கிளப்பிப் புது உறைக்கு மாற்றச் சொல்லுங்கள். கத்தி வேண்டாம், கண்ணாடி உடைந்துவிடும்.