கிளை வேலையை விட்டால்தான் டேட்டா ஆர்க்கிடெக்ட் ஆகலாமா?

கேள்வி: வவுனியா பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தேன். ஒரு வருடமாகக் கிளிநொச்சியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளையில் விண்ணப்பப் படிவங்களைக் கணினியில் பதிகிறேன். டேட்டா ஆர்க்கிடெக்ட் ஆக ஆசை. வேலையை விட்டுவிட்டுக் கொழும்பில் காசு கட்டி ஒரு கோர்ஸ் செய்யச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, வேலையை இப்போது விட வேண்டாம். நீங்கள் நாள்முழுக்கப் பதிகிற அந்தப் படிவங்களில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது.

எந்தத் தரவு எங்கே, எந்த வடிவில் இருக்க வேண்டும், எது எதோடு இணைய வேண்டும் என்று தீர்மானிப்பவர் டேட்டா ஆர்க்கிடெக்ட். அதிலிருந்து பதில் எடுப்பவர் அனலிஸ்ட். டேட்டா ஆர்க்கிடெக்ட் பதவிக்குப் படித்து முடித்த கையோடு யாரையும் எடுக்க மாட்டார்கள். அனலிஸ்டாகவோ, தரவைச் சேர்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகளைக் கட்டுகிற டேட்டா என்ஜினியராகவோ சில வருடம் பழகித்தான் அங்கே போக முடியும்.

காப்புறுதித் தரவில் சிக்கல் எங்கே என்று சொல்கிறேன். ஒரே ஆளுக்கு மூன்று பாலிசி இருக்கும். ஒன்றில் பழைய அடையாள அட்டை எண், 9 இலக்கமும் ஓர் எழுத்தும். இன்னொன்றில் புதிய 12 இலக்கம். கணேசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஜி’யில் தொடங்கிப் பதிவார், மற்றவர் ‘கே’யில். கலியாணத்துக்குப் பிறகு பெண்ணின் முதலெழுத்து மாறியிருக்கும். தலைமையகத்தில் அவரை மூன்று பேராக எண்ணிவிடுவார்கள். பழைய எண்ணைப் புதியதாக்க ஓர் ஒழுங்கு உண்டு: முன்னால் 19 சேர்த்து, வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். பெண்களுக்கு அந்த நாள் எண்ணில் 500 கூட்டியிருக்கும். அதனால் பிறந்த திகதியும் பாலினமும் சரியா என்று அந்த எண்ணை வைத்தே சோதிக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் திகதி. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். வாகனம் தண்ணீரில் மூழ்கியது டிசம்பரில். சொந்தக்காரர் கிளைக்கு வந்து அறிவித்தது ஜனவரியில், காசு கொடுத்தது ஏப்ரலில் என்று வையுங்கள். நட்டம் 2018க்குரியது, அந்த வருடம் முடியும்போது கம்பனிக்கு அது தெரியாது. இப்படி நடந்தும் இன்னும் அறிவிக்கப்படாத இழப்புகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கணிப்பவர் ஆக்சுவரி. மூன்று திகதியும் தனித்தனியே இருந்தால்தான் அவருக்குக் கணக்கு வரும். நான் வேலை செய்த ஓரிடத்தில் இழப்பீட்டு மதிப்பீடு மாறும்போதெல்லாம் பழைய தொகையை அழித்துப் புதியதை எழுதியிருந்தார்கள். பழையதைத் திருப்பி எடுக்க மாதக்கணக்கில் கோப்புகளைப் புரட்டினோம். மாற்றத்தைப் புது வரியாகத்தான் சேர்க்க வேண்டும் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லை ஆழமாகப் படியுங்கள், பைதன் என்ற நிரல்மொழி அப்புறம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இலவசம். ஆள், பாலிசி, பாலிசி மாற்றம், இழப்பீட்டுக் கோரிக்கை, கொடுப்பனவு என்று ஐந்து அட்டவணை அமைத்துக் கற்பனை விபரங்களைப் போடுங்கள். வாடிக்கையாளர் விபரம் ஒரு வரிகூடக் கிளையை விட்டு வெளியே வரக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைவிட, சனம் எங்களை நம்பித் தந்த விபரம் அது. பிறகு, ‘2018 டிசம்பர் 31 அன்று கம்பனிக்கு என்னென்ன தெரிந்திருந்தது?’ என்ற கேள்விக்கு உங்கள் அட்டவணைகளிலிருந்து பதில் எடுத்துப் பாருங்கள்.

ஒரு கட்டத்தில் கொழும்புக்குப் போகத்தான் வேண்டிவரும், தலைமையகங்கள் அங்கேதான். கோர்ஸுக்குக் காசு கட்டுவதற்கு முன், உங்கள் கம்பனியிலேயே அறிக்கை தயாரிக்கும் பிரிவுக்கு இடமாற்றம் கேளுங்கள். போகும்போது, கிளையில் திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதிவுப் பிழைகளையும் அவை ஏன் வருகின்றன என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.