விளக்கெல்லாம் எரிகிறது, கார் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா?

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதன் பிறகு ஒன்றுமில்லை. டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன. பேட்டரி போட்டு ஏழு மாதந்தான் ஆகிறது. மறுபடியும் புதிது வாங்கவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம். இதே ‘டக்’ சத்தத்துக்காக நான் முதலில் பேட்டரியை மாற்றினேன், பிறகு ஒரு மெக்கானிக் சொன்னார் என்று செல்ஃப் மோட்டாரையும் (என்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) மாற்றினேன். இரண்டுமே பழுதாகியிருக்கவில்லை. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் கம்பி உறைக்குள்ளேயே இற்றுப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் தெரிந்தது. மூன்று வாரம் வண்டி ஓடாமல் நின்றதற்குக் காரணம் ஒரு முழ நீளக் கம்பி. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். ‘டக்டக்டக்’ என்று வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல், அதாவது பேட்டரியில் கம்பி மாட்டும் இணைப்பு, சரியாகப் பிடிக்கவில்லை. செல்ஃப் மோட்டாரின் மேல் உள்ள சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் மின்சாரம் கேட்டவுடன் வோல்டேஜ் சரிகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சுழற்சிதான் அந்தச் சத்தம். உங்களுடையது ஒற்றை ‘டக்’. சொலினாய்டு இழுத்துப் பிடித்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை என்று பொருள். சத்தமே வராவிட்டால் கதை வேறு: ரிலே, ஃபியூஸ், கிளட்ச் பெடலின் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் ‘பி’யிலோ ‘என்’னிலோ சரியாக உட்காராதது என்று அந்தப் பக்கம் தேடவேண்டும்.

அடுத்து ஒரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, வெளிச்சம் எதிரே சுவரில் விழும்படி பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே மங்கி அணைவதுபோல் ஆனால் பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் சந்தேகப்படுங்கள். கொஞ்சமும் குறையாமல் எரிந்தால் பேட்டரியிடம் மின்சாரம் இருக்கிறது, அது மோட்டார் வழியாகப் பாயவில்லை. டாஷ்போர்டு விளக்கு எரிவதை மட்டும் வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். அந்த விளக்குகளுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் நூறு, இருநூறு ஆம்பியர் கேட்கும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் ஊகம் வேண்டியதில்லை. சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில், முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் செய்துவிட்டுத்தான் மற்றச் சோதனைகள். பிறகு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி அளந்து பாருங்கள்; மிதமான வெப்பநிலையில் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. கை பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். கையை பெல்ட், ஃபேன் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இப்போது முக்கியமான அளவீடு. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் காம்பில், அதாவது கம்பியின் முனையில் உள்ள கிளாம்பில் அல்ல, ஈயக் காம்பிலேயே. மறுமுனை என்ஜினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில். சாவியைத் திருப்பும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை. மீட்டர் இல்லையா? ஜம்ப் கேபிளில் ஒன்றை எடுத்து பேட்டரியின் நெகட்டிவையும் என்ஜின் உலோகத்தையும் நேராக இணையுங்கள். அப்போது செல்ஃப் அடித்தால் குற்றவாளி எர்த் கம்பிதான். என் வண்டியில் இதைச் செய்த மறுகணம் என்ஜின் ஓடியது. பாசிட்டிவ் பக்கம் இந்தக் கேபிள் தெரியாமல்கூடப் படக்கூடாது.

டெர்மினலையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மேலே பளபளவென்று இருக்கும் கிளாம்பின் உட்புறத்திலும் கறுத்த படலம் இருக்கலாம். கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கையால் அசைக்க முடியாதபடி இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மோதிரம், வளையல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காத வண்டிகளுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே எரிபொருள் பம்ப், ஸ்பார்க், என்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு என்று பார்க்கவேண்டும். வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது என்று தோன்றினால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல என்ஜின்களில் அதற்குமேல் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதும். வெள்ளத்தில் ஓட்டிய வண்டி ‘டக்’ என்று நின்றாலும் அப்படித்தான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம், மறுபடி முயலவே வேண்டாம்.

பேட்டரி, டெர்மினல், எர்த் மூன்றும் சரி, ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால் மிச்சமிருப்பது செல்ஃப் மோட்டார். சொலினாய்டின் உள்ளிருக்கும் செம்புத் தொடர்பு தேய்ந்திருக்கும், அல்லது மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து முடிந்திருக்கும். ஒருவர் சாவியைத் திருப்பும்போது மோட்டாரின் உடலை மரக் கட்டையால் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். உடனே சுற்றினால் பெரும்பாலும் பிரஷ்தான். அப்படி ஓடத் தொடங்கினால் என்ஜினை அணைக்காமல் நேராகப் பட்டறைக்குப் போங்கள். பல மோட்டார்களில் பிரஷ்ஷையும் சொலினாய்டையும் தனியாக மாற்ற முடியும். முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால், முதலில் அதைக் கழற்றி மேசையில் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.