ஊராட்சி எல்லைக்குள் வீடு கட்ட அனுமதி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் வட்டத்தில் எங்கள் கிராமத்தில் 2,100 சதுர அடி மனை இருக்கிறது. தரைத்தளமும் மாடியுமாக 1,800 சதுர அடியில் வீடு கட்ட விரும்புகிறேன். இப்போது இணையத்தில் உடனே பிளான் அப்ரூவல் கிடைத்துவிடுகிறது, அடுத்த முகூர்த்தத்திலேயே கடைக்கால் எடுக்கலாம் என்கிறார் மேஸ்திரி. மனை என் தந்தையார் 1987-இல் கிரயம் பெற்றது. அவர் காலமாகிவிட்டார், அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். பட்டாவோ பக்கத்து மனைக்காரர்கள் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: மேஸ்திரி சொல்வது பாதி சரி. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 7 மீட்டர் உயரத்துக்குள், தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கொண்டு 3,500 சதுர அடிக்கு மேற்படாமல் கட்டப்படும் குடியிருப்புகளுக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியவுடன் அனுமதி கிடைக்கிறது. பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இதற்குக் கிடையாது. கட்டி முடித்தபின் பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. தாங்கள் சொல்லும் அளவுகள் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன.

ஆனால் அனுமதி உடனே கிடைப்பதற்குக் காரணம், முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதே. அளவும் உரிமையும் சரியானவை என்று உறுதியளிப்பவர் விண்ணப்பதாரர். அந்த உறுதிமொழி தவறானால் அனுமதி ரத்தாகும். தங்கள் மனையைப் பொறுத்தவரை அப்படி உறுதியளிக்கும் நிலையில் தாங்கள் இன்னும் இல்லை.

தந்தையார் தம் பணத்தில் கிரயம் பெற்று, உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தங்கை, தாங்கள் மூவருக்கும் அந்த மனையில் சம பங்கு உண்டு. ஆகவே முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற வேண்டும். பிறகு அம்மாவும் தங்கையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதா, பாகப்பிரிவினை செய்துகொள்வதா, மூவர் பெயரிலேயே அனுமதி கேட்பதா என்பதைக் குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள். தங்கைக்குத் திருமணத்தின்போது சீர் செய்தாயிற்று, அவருக்குப் பங்கில்லை என்று உறவினர் யாரேனும் சொன்னால், சட்டம் அதை ஏற்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது பட்டா. பத்திரத்தில் புல எண் 114/2 என்றும், அதற்குள் தங்கள் பாகத்துக்கு நான்கு எல்லைகள் மட்டும் குறித்தும் எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். புலப்பட (நில அளவை வரைபட) நகலில் 114/2 ஒரே துண்டாக இருந்தால், அரசின் கணக்கில் தங்கள் மனைக்குத் தனி வடிவமே இல்லை. உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, நில அளவர் வந்து அளந்து, 114/2பி என்பதுபோல் தனி எண் விழுந்த பிறகுதான் அந்த மனை காகிதத்திலும் உருப்பெறுகிறது. அளக்கும்போது பத்திரத்தில் உள்ளதைவிட அகலம் அரை அடி குறைவதும், பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருப்பதும் சாதாரணமாக நடப்பவை. இது கடைக்கால் எடுப்பதற்கு முன் தெரிந்தால் வரைபடத்தைத் திருத்தினால் போதும். பிறகு தெரிந்தால் வழக்குதான். எனவே அளவு முடிந்தபின் பொறியாளரிடம் செல்லுங்கள். பக்கங்களில் விட வேண்டிய காலியிடம் மெய்யான அகலத்திலிருந்தே கணக்கிடப்படும்.

பழைய பத்திரம் வைத்திருப்போர் எல்லோருக்கும் ஒரு குறிப்பு. 1987-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் மாவட்டம் வேலூர் என்றில்லாமல், அன்றைய பெயரான வட ஆற்காடு என்றே இருக்கும். வட்டத்தின் பெயரும் வேறாக இருக்கலாம். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, இடையில் புதிய வட்டங்களும் தோன்றின. பெயர் மாறியதால் உரிமை குறைவதில்லை; அதற்காகத் திருத்தல் பத்திரம் எழுத வேண்டும் என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆனால் புல எண் மாறியிருந்தால், பழைய எண்ணுக்கு இன்றைய எண் எது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு உறுதி செய்தபின், இரண்டு எண்களுக்கும் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: குடியாத்தம் அருகே 2014-இல் அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் ஒரு பிளாட் வாங்கிப் பதிவு செய்தேன். என் பெயரில் தனிப்பட்டா இருக்கிறது. அது போதுமல்லவா?

பதில்: போதாது. பட்டா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டும் வருவாய்த் துறை ஆவணம். மனைப்பிரிவுக்கான அங்கீகாரம் வேறு. 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. தங்கள் மனை அந்த வரம்புக்குள் வருகிறது. முதலில் மனைப்பிரிவு முழுமைக்கும் நகர் ஊரமைப்புத் துறையின் கொள்கை அளவிலான ஒப்புதல் கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்திருந்தால் தனி மனைக்குக் கட்டணம் செலுத்தி வரன்முறை ஆணை பெறலாம். விண்ணப்பிக்கும் கடைசி நாள் பலமுறை நீட்டிக்கப்பட்டிருப்பதால், தற்போதைய நிலையை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அங்கீகரிக்கப்பட்டது என்று அன்று தரகர் காட்டிய வரைபடத்தில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டுமே இருந்தால், அது மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. இந்த மாவட்டத்தில் பலர் ஏமாந்த இடம் இதுதான்.

கேள்வி: அணைக்கட்டுப் பக்கம் ஏரிக்குக் கீழே எங்களுக்கு நஞ்சை நிலம் உண்டு. பல ஆண்டுகளாகப் பயிர் வைக்கவில்லை. அதன் ஓரத்தில் சிறிய வீடு கட்டலாமா?

பதில்: பயிர் வைக்காததால் நஞ்சை மனையாகிவிடாது. நகர் ஊரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 47-ஏ பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. இது எளிதில் கிடைப்பதன்று, கிடைக்காமல் இருப்பதில் நியாயமும் உண்டு. ஊருக்குள் தங்களுக்கு நத்தம் (ஊர்க் குடியிருப்புப் பகுதி) மனை இருந்தால் அங்கே கட்டுவதே நல்லது. நிலத்தில்தான் கட்ட வேண்டும் என்றால், விண்ணப்பிக்கும் முன் புலப்படத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வெளியேறும் நீர் செல்லும் ஓடையோ வாய்க்காலோ குறுக்கே போகிறதா என்று பாருங்கள். போனால் அந்தப் பகுதி புறம்போக்கு; இப்போது மண் தூர்ந்து சமதளமாகத் தெரிந்தாலும் அதன்மேல் வீடு கட்ட அனுமதி கிடைக்காது.