எல் மொகாம்போவில் ரோலிங் ஸ்டோன்ஸ்: 1977 கிளப் கச்சேரி பற்றிக் கேள்வி பதில்

1977 மார்ச் 4, 5 இரவுகளில் இங்கிலாந்தின் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் கனடாவின் டொராண்டோ நகரில், ஸ்படைனா அவென்யூவில் இருக்கும் எல் மொகாம்போ என்ற சின்ன கிளப்பில் வாசித்தது. அதில் நான்கு பாட்டுகள் மட்டும் அதே வருஷம் 'லவ் யூ லைவ்' இரட்டை எல்பியின் மூன்றாவது பக்கமாக வந்தன. இரண்டாம் இரவு முழுசாக வெளிவந்தது 2022 மே மாதம்தான். அதைக் கேட்ட ரசிகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (சென்னை): சார், மைதானங்களை நிரப்புகிற குழு 300 பேர் மட்டுமே கொள்கிற கிளப்பில் எதற்கு வாசித்தது?

பதில்: லைவ் ஆல்பத்துக்காக. சுற்றுப்பயணங்களில் பதிவான டேப்கள் கையில் இருந்தன, பாதிக்கு மேல் 1976இல் பாரிஸில் பிடித்தவை. எல்லாமே பெரிய அரங்குகளின் சத்தம். ஒரு பக்கமாவது சின்ன அறையில் வாசித்ததாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

அந்தக் காலகட்டத்தையும் பாருங்கள். லண்டனில் பங்க் என்ற முரட்டுத்தனமான புது ராக் வகைக் குழுக்கள் தலையெடுத்து, பழைய ராக் குழுக்களை வெளிப்படையாகவே ஒதுக்கிப் பேசிக்கொண்டிருந்தன. பாடகர் மிக் ஜாகருக்கும் கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அப்போது வயது 33. அன்றைய ராக் உலகில் அது கிழட்டு வயது. ஆனால் இவர்கள் 1962இல் லண்டனின் மார்க்கீ கிளப்பில் தொடங்கி, 1963இல் ரிச்மண்டின் க்ராடாடி கிளப்பில் வாரா வாரம் வியர்த்து வளர்ந்தவர்கள். எல் மொகாம்போ மேடையில் ஏறியதுமே க்ராடாடி நாட்கள் திரும்பியதுபோல இருந்தது என்று ரிச்சர்ட்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். பதிவைக் கேட்டால் அது வெறும் பேச்சில்லை என்று புரியும்.

கேள்வி (திருச்சி): அன்று உள்ளே போனவர்களுக்கு யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியுமா?

பதில்: வெளியே அறிவித்தது கனடாவின் ஏப்ரல் வைன் குழுவின் கச்சேரி. கூட வாசிப்பது 'காக்ரோச்சஸ்' என்று போட்டிருந்தார்கள். அந்தக் கரப்பான்பூச்சிகள்தான் ஸ்டோன்ஸ். டொராண்டோவின் 'சம்' (CHUM) வானொலி ஒரு போட்டி வைத்து நேயர்களைத் தேர்ந்தெடுத்து உள்ளே அனுப்பியது. முதல் இரவுக்குப் பிறகு ரகசியம் தாங்கவில்லை. ஏப்ரல் வைனும் அங்கேயே பதிவு செய்த லைவ் ஆல்பத்தை அதே வருஷம் வெளியிட்டார்கள், அதையும் ஒருமுறை கேளுங்கள்.

கேள்வி (கோவை): அண்ணா, எந்தக் கட்டுரையைப் படித்தாலும் கைது, ஹெராயின், பிரதமரின் மனைவி என்றே இருக்கிறது. இசையைப் பற்றி யாருமே எழுதவில்லையே?

பதில்: எனக்கும் அதே ஆதங்கம்தான். நடந்தது இவ்வளவு: பிப்ரவரி 27இல் ரிச்சர்ட்ஸின் ஹோட்டல் அறையில் போலீஸ் ஹெராயினைக் கண்டுபிடித்தது. பெரிய தண்டனை கிடைக்கலாம் என்ற நிலையில்தான் ஒரு வாரத்துக்குள் மேடை ஏறினார். அன்றைய பிரதமர் பியர் ட்ரூடோவின் மனைவி மார்கரெட் கச்சேரிக்கு வந்ததைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. 1978 அக்டோபரில் நீதிமன்றம் ரிச்சர்ட்ஸைச் சிறைக்கு அனுப்பாமல், பார்வையற்றோருக்காக ஒரு நிதிக் கச்சேரி நடத்தச் சொன்னது. 1979 ஏப்ரல் 22இல் ஓஷாவாவில் அதை நடத்திக் கொடுத்தார்.

இவ்வளவு நெருக்கடி தலைக்கு மேல் இருக்கும்போது ஒரு கிடாரிஸ்ட் ஒதுங்கி வாசிப்பார் என்றுதான் எதிர்பார்ப்போம். இந்த ஆல்பத்தில் 'ரூட் 66' பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஒதுங்குகிற மனுஷன் வாசிக்கிற வாசிப்பா அது? குழுவையே இழுத்துக்கொண்டு போகிறார்.

கேள்வி (டொராண்டோ, ஸ்கார்பரோ): அண்ணை, 2005 ஆகஸ்ட்டில இங்க ஃபீனிக்ஸ் எண்ட சின்ன அரங்கில ஸ்டோன்ஸ் வாசிச்சதைப் பார்த்தனான். அதே சுற்றுப்பயணத்தில ஸ்டேடியத்திலயும் பார்த்தனான். ஃபீனிக்ஸ்தான் இண்டைக்கும் மனசில நிக்குது. கிட்ட நிண்டதாலயோ, இல்லாட்டி உண்மையா வேற மாதிரி வாசிச்சவையோ?

பதில்: கொடுத்து வைத்தவர் நீங்கள். உங்கள் ஊருக்கு அந்தப் பாக்கியம் அடிக்கடி கிடைத்திருக்கிறது: 1997இல் ஹார்ஸ்ஷூ டாவர்ன், 2002இல் பாலே ராயல், பிறகு நீங்கள் போன ஃபீனிக்ஸ்.

இரண்டும்தான் காரணம். சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், டிரம் குச்சி விழுவதைக் கண் பார்த்துக் கிட்டத்தட்ட 0.3 விநாடி கழித்துத்தான் காதுக்கு வரும். அதுவும் டிரம்மின் சத்தமாக வராது, ஸ்பீக்கர் கோபுரத்தின் சத்தமாகத்தான் வரும். கிளப்பில் டிரம்மும் கிடார் ஆம்ப்ளிஃபயரும் நேராக உங்கள் நெஞ்சில் மோதும். வாசிப்பவர்களுக்கும் அப்படியே. பெரிய மேடையில் ஆளுக்கொரு மூலையில் நின்று மானிட்டரை, அதாவது வாசிப்பவர்களுக்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை, நம்பி வாசிக்க வேண்டும். சின்ன மேடையில் ரிச்சர்ட்ஸ் தலையைத் திருப்பினாலே டிரம்மர் சார்லி வாட்ஸின் கை தெரியும். அதனால் ஒருவர் நெளிந்தால் மற்றவரும் சேர்ந்து நெளிய முடிகிறது.

கேள்வி (மதுரை): தாளம் அங்கங்கே தடுமாறுகிற மாதிரி கேட்கிறது. 15 வருஷ அனுபவம் உள்ள குழு இப்படியா வாசிக்கும்?

பதில்: நல்ல காது உங்களுக்கு. ஆனால் அது தடுமாற்றம் இல்லை. பெரும்பாலான ராக் குழுக்களில் டிரம்மர் முன்னால் போவார், மற்றவர்கள் பின்தொடர்வார்கள். ஸ்டோன்ஸில் தலைகீழ். ரிச்சர்ட்ஸின் கிடார் முன்னால் போகிறது, பாடகருக்கு மிருதங்கக்காரர் வாசிப்பதுபோல சார்லி அதைக் கேட்டு ஒரு இழை பின்னால் வருகிறார். பேஸ் வாசித்த பில் வைமனும் இதை விளக்கியிருக்கிறார். அந்த இழையளவு இடைவெளியில்தான் ஆடத் தோன்றும் அசைவு பிறக்கிறது. ஸ்டேடியப் பதிவுகளில் எதிரொலி அதை மூடிவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சார்லி இரண்டாம், நான்காம் அடிகளில் ஸ்னேர் டிரம்மை அடிக்கும்போது, ஹைஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டிலிருந்து மற்றக் கையைத் தூக்கிவிடுவார். அதனால் ஸ்னேர் அடி தனியாக, சுத்தமாக விழும். ஹெட்ஃபோனில் கேட்டால் ஹைஹாட் அந்த இடத்தில் சட்டென்று விலகுவது நன்றாகத் தெரியும். ரிச்சர்ட்ஸ் 'ஹாங்கி டாங்க் விமன்' மாதிரிப் பாட்டுகளுக்கு ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, மீதி ஐந்தை ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி கூட்டி வாசிப்பார். அடித்தந்தி இல்லாததால் பேஸுக்கு இடம் கிடைக்கிறது. பெரிய மைதானத்தில் இதெல்லாம் ஒரே இரைச்சலாகக் குழம்பிப்போகும், இங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது.

சார்லி 2021 ஆகஸ்ட்டில் இறந்தார். அதற்கு ஒன்பது மாதம் கழித்து இந்த ஆல்பம் வந்தது. அவர் வாசிப்பை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் பதிவு வேறு ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை. இதற்காகவே இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

கேள்வி (பெங்களூர்): 'லவ் யூ லைவ்'க்கு எடுத்துக்கொண்ட நான்கும் பிறருடைய பாட்டுகள். சொந்த ஹிட் ஒன்றுகூட ஏன் இல்லை?

பதில்: மடி வாட்டர்ஸின் 'மேனிஷ் பாய்', போ டிட்லியின் 'கிராக்கின் அப்', வில்லி டிக்ஸன் எழுதிய 'லிட்டில் ரெட் ரூஸ்டர்', சக் பெர்ரியின் 'அரவுண்ட் அண்ட் அரவுண்ட்'. இந்தக் குழு படித்த பள்ளிக்கூடமே இவர்கள் நால்வர்தான். ஹிட்டுகள் மற்ற மூன்று பக்கங்களில் இருக்கின்றன, கிளப்பில் கிளப் பாட்டு என்பது சரியான முடிவு. ஆனால் முழு ஆல்பம் வந்த பிறகு தெரிகிறது, சொந்தப் பாட்டுகளும் அதே அறையில் அதே சூட்டோடு ஓடியிருக்கின்றன. 'ஹேண்ட் ஆஃப் ஃபேட்' ஸ்டுடியோப் பதிவைவிட இங்கேதான் எனக்குப் பிடிக்கிறது. 1981இல் 'டாட்டூ யூ'வில் வந்த 'வொரீட் அபௌட் யூ'வை நான்கு வருஷம் முன்பே இங்கே பாடியிருக்கிறார்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): ஸ்டோன்ஸை அதிகம் கேட்டதில்லை. இந்த ஆல்பத்தில் எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்: முதலில் 'மேனிஷ் பாய்'. கூட்டம் ஜாகரோடு சேர்ந்து கத்துவது, அறை எவ்வளவு சின்னது என்பதை உடனே காட்டிவிடும். அடுத்து 'டம்ப்ளிங் டைஸ்', அதில் சார்லியை மட்டும் கேளுங்கள். பிறகு 'ரூட் 66'ஐ 1964இல் வந்த முதல் ஆல்பத்தில் ஒருமுறை, இங்கே ஒருமுறை கேளுங்கள். அவசரமாக வாசித்த பையன்கள் 13 வருஷத்தில் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று தெரியும். இந்த மூன்றும் பிடித்தால், 'ஹாங்கி டாங்க் விமன்'இல் ஆரம்பித்து நிறுத்தாமல் கடைசிவரை போங்கள். சத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.