வெளிநாட்டுப் புத்தாக்க மானியப் போட்டிகளில் எங்கள் டிரஸ்ட் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறது. எங்கே தவறுகிறோம்?

கேள்வியின் சுருக்கம் இதுதான்: மூன்று கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிக்குத் தானாகக் குளோரின் கலக்கும் கருவியை வைத்திருக்கிறீர்கள். நன்றாக ஓடுகிறது. மூன்று போட்டிகளுக்கு விண்ணப்பித்தும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. "எங்கள் கருவியில் புதுமை போதவில்லையா?" என்று கேட்கிறீர்கள்.

விண்ணப்பத்தை நீங்கள் காட்டவில்லை. அதனால் அதில் புதுமை பற்றி நாலு பத்தியும் செலவு பற்றி ஒரு வரியும் இருக்கும் என்று ஊகித்தே எழுதுகிறேன். பெரும்பாலான விண்ணப்பங்கள் அப்படித்தான் வருகின்றன. உங்களுடையது அப்படி இல்லையென்றால் கோபிக்காமல் கடந்துவிடுங்கள்.

முதலில் பணத்தை வாங்கச் சட்டப்படி உங்களால் முடியுமா என்று பாருங்கள். இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டு மானியம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், இல்லையென்றால் முன் அனுமதி வேண்டும். பதிவுக்கு அமைப்பு தொடங்கி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று நிதியாண்டில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். மூன்று கிராமத்தில் வேலை செய்யும் டிரஸ்டுக்கு இந்த 15 லட்சமே பெரிய மலை. முன் அனுமதி என்பது ஒரே கொடையாளி, ஒரே வேலை, ஒரே தொகைக்கு வாங்குவது. அதற்குக் கொடையாளியின் உறுதிக் கடிதம் வேண்டும், அதில் தொகையும் நோக்கமும் எழுதியிருக்க வேண்டும். "வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்" என்று வரும் மின்னஞ்சலைக் கொண்டுபோய் நீட்டினால் வேலைக்கு ஆகாது. ஜெயித்த அன்றே முறையான கடிதம் கேளுங்கள். பணம் முதலில் வந்து இறங்குவது டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான். இது 2020 திருத்தத்தில் வந்த விதி.

அதே திருத்தத்தில் வந்த இன்னொரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. வெளிநாட்டுப் பணத்தை வாங்கிய அமைப்பு அதை வேறு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. அந்த அமைப்புக்கும் பதிவு இருந்தாலும் கூடாது. "பெரிய என்.ஜி.ஓ. பெயரில் போட்டு, பணம் வந்ததும் எங்கள் பங்கைத் தருவார்கள்" என்ற ஏற்பாடு இதனால் அடிபட்டுப்போனது. கூட்டு விண்ணப்பம் கேட்கும் போட்டிகளில் நம்மூர் அமைப்புகள் தடுக்கி விழும் இடம் இது. அந்தப் பெரிய என்.ஜி.ஓ.வுக்கு நீங்கள் செய்துதரும் வேலைக்கு பில் போடுவது வேறு சங்கதி, ஆனால் ஆடிட்டரைக் கேட்காமல் அதில் கால் வைக்காதீர்கள்.

நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் உச்சவரம்பு. அலுவலக வாடகை, கணக்கு எழுதுபவர் செலவு, வண்டி, அறிக்கை தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். போட்டி நடத்துபவர் 'நேரடிச் செலவு' என்று ஒத்துக்கொள்ளும் சில இனங்கள் நம் விதிப்படி நிர்வாகச் செலவாகிவிடும். அதனால் பட்ஜெட்டை இரண்டு நெடுவரிசையாகப் போட்டுப் பாருங்கள்: அவர்கள் கணக்கில் எது எங்கே வருகிறது, நம் கணக்கில் எங்கே வருகிறது. பட்ஜெட் அனுப்பிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் திருத்த வழி இருக்காது.

பதிவு இல்லை, வாங்கவும் நாளாகும் என்றால் உள்ளூர்ப் பணத்தைப் பாருங்கள். கருவி மருத்துவம் அல்லது உயிர்த்தொழில்நுட்பம் பக்கம் சாய்ந்ததாக இருந்தால் மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனமான பைராக் தரும் 'பிக்' மானியம் 50 லட்சம் ரூபாய் வரை போகும், 18 மாதக் காலம். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்துக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும் சி.எஸ்.ஆர்.-1 பதிவும் வேண்டும்.

அடுத்தது, எந்தப் படிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பது. இந்த வகை நிதிகளில் பலவும் படிப்படியாகத்தான் தருகின்றன. பிரான்ஸ் அரசின் ஆதரவில் நடக்கும், நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ தலைமை வகிக்கும் வளர்ச்சிப் புத்தாக்க நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்புக்கு 50,000 யூரோ வரை, முன்னோட்டத்துக்கு 2 லட்சம் யூரோ வரை, சோதித்து நிறுவுவதற்கு 15 லட்சம் வரை, பரவலாக்க 40 லட்சம் வரை. மூன்று கிராமத்தில் ஓடும் கருவியை வைத்துக்கொண்டு மூன்றாம் படிக்கு விண்ணப்பித்தால் படிக்கிறவர் முதல் பக்கத்தோடு மூடிவிடுவார். நீங்கள் நிற்பது முன்னோட்டப் படியில். அங்கே தெளிவாக 1.2 லட்சம் யூரோ கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இணையத்தில் கிடைக்கும் 'டாப் 20 கிராண்ட்' பட்டியல்களை நம்பி உட்காராதீர்கள். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூ.எஸ்.எய்டின் டி.ஐ.வி. என்ற புத்தாக்க நிதி இன்னும் பல பட்டியல்களில் முதலிடத்தில் நிற்கிறது. 2025இல் யூ.எஸ்.எய்டே மூடப்பட்டுவிட்டது. ஆனால் டி.ஐ.வி. கேட்ட மூன்று கேள்விகள் சாகவில்லை, இன்று ஏறக்குறைய எல்லோரும் அவற்றைத்தான் கேட்கிறார்கள்: வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் என்ன, ஒரு ரூபாய்க்கு எவ்வளவு பலன், எங்கள் பணம் நின்ற பிறகு யார் காசு கொடுப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் விஷயத்தையே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் நானாக வைத்துக்கொண்டவை, உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தொட்டி 30,000 லிட்டர், ஒரு நாளைக்கு ஒரு முறை நிரம்புகிறது. ஆளுக்கு 55 லிட்டர் என்றால் 545 பேர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால் மொத்தம் 60 கிராம். புது ப்ளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும், ஆகவே 180 கிராம் பவுடர் போதும். வாய் திறந்த மூட்டையில் ஈரம் பட்டு அது 20 சதவீதத்துக்கு இறங்கினால் அதே வேலைக்கு 300 கிராம் வேண்டும். உங்கள் கருவி எடை பார்த்துத்தான் போடுகிறது என்றால், பழைய பவுடர் வந்த அன்று குளோரின் குறைவாகப் போகும், கருவியோ 'சரி' என்று பச்சை விளக்கு காட்டும். இதை நீங்களே விண்ணப்பத்தில் சொல்லி, மூட்டை பிரிக்கும்போதெல்லாம் சோதிப்போம் என்று எழுதினால் மதிப்பு ஏறும். மறைத்தால் தண்ணீர்த் துறை ஆள் ஒருவர் நடுவர் குழுவில் இருந்தாலே போதும், மாட்டிக்கொள்வீர்கள்.

ஆண்டுச் செலவு: பவுடர் கிலோ 40 ரூபாய் வீதம் சுமார் 66 கிலோவுக்கு 2,630. கருவி விலை 18,000, ஆயுள் 5 ஆண்டு, ஆண்டுக்கு 3,600. தொட்டி ஆபரேட்டருக்கு மாதம் 500 கூடுதல் என்றால் 6,000. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டெக்னீஷியன் வந்துபோக 1,500 வீதம் 6,000. சோதனைப் பொருள் 1,200. கூட்டினால் 19,430 ரூபாய், ஆளுக்கு ஆண்டுக்கு 36 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இதில் பவுடருக்குப் போவது 5 ரூபாய்கூட இல்லை. ஆபரேட்டருக்கும் டெக்னீஷியனுக்கும் 22 ரூபாய். விண்ணப்பங்களில் 'வெறும் 5 ரூபாயில் பாதுகாப்பான குடிநீர்' என்று தலைப்பு வைக்கிறார்கள். குழு அந்த 22 ரூபாயைத் தேடும். கிடைக்காவிட்டால், இவர்களுக்குத் தெரியவில்லை அல்லது மறைக்கிறார்கள் என்று இரண்டில் ஒன்றை முடிவுகட்டும்.

ஆதாரம் பற்றி. 'வயிற்றுப்போக்கு 40 சதவீதம் குறைந்தது' என்று மூன்று கிராமத்தை வைத்து எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். 20 சதவீதம் இருந்தது 15 ஆகக் குறைந்தது என்று நம்பகமாகக் காட்ட, கருவி உள்ள பக்கம் சுமார் 905 பேர், இல்லாத பக்கம் 905 பேர் வேண்டும். அதுவும் தனித்தனி ஆட்களாக எடுத்தால். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தண்ணீர் குடிப்பவர்கள், ஒருவருக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்கும் வரும். ஊருக்கு 40 பேர் வீதம் எடுத்து, ஊருக்குள் ஒற்றுமை (ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.02 என்று கொண்டால், எண்ணிக்கை 1.78 மடங்காகி 1,600ஐத் தாண்டும். அதாவது பக்கத்துக்குச் சுமார் 40 கிராமம். முன்னோட்ட மானியத்தில் இது நடக்காது. மேலும் வெளிநாட்டுப் பணத்தில் சுகாதார ஆராய்ச்சி என்று ஆகிவிட்டால் நெறிக்குழு ஒப்புதலும், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும்.

அளக்க வேண்டியது கடைசிக் குழாயில் எஞ்சியிருக்கும் குளோரின். தரம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. குளோரோஸ்கோப் என்ற சின்னச் சோதனைக் கருவியில் நிறம் பார்த்தாலே தெரியும். கருவி உள்ள மூன்று ஊர், இல்லாத மூன்று ஊர், வாரம் இரு முறை, தேதி சொல்லாமல் போய், தொட்டிக்கு மிகத் தொலைவான தெருக்குழாயில் எடுங்கள். தொட்டிக்கு அடியில் எடுத்தால் எல்லா ஊரும் பாஸ். ஆறு மாதத்தில் ஒரு பக்கம் 150 அளவைக்கு மேல் கிடைக்கும், செலவும் அதிகமில்லை. சோதிக்கப் போகும் ஆள் கருவி செய்தவராக இருக்க வேண்டாம்.

பணம் நின்ற பிறகு யார் காசு கொடுப்பார்கள் என்ற மூன்றாவது கேள்விக்குத்தான் உலகறிந்த உதாரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வந்த ப்ளேபம்ப் என்ற ராட்டினப் பம்பு. குழந்தைகள் சுற்றி விளையாட, நிலத்தடி நீர் 2,500 லிட்டர் தொட்டிக்கு ஏறும், தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகை, அந்த வருமானத்தில் பராமரிப்பு. 2000இல் உலக வங்கியின் டெவலப்மென்ட் மார்க்கெட்ப்ளேஸ் போட்டியில் ஜெயித்தது. 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் உறுதிமொழி கிடைத்தது, 2010க்குள் 4,000 பம்பு என்பது இலக்கு. ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர், சாதாரணக் கைப்பம்பைப்போல நாலு மடங்கு. சொன்ன அளவு மக்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பெண்கள் குனிந்து அந்த ராட்டினத்தைத் தள்ளினார்கள். விளம்பரம் எதிர்பார்த்தபடி வரவில்லை, ஊர்க்காரர்களால் பழுது பார்க்க முடியவில்லை. 2010இல் முக்கிய நிதியாளரே பகிரங்கமாகத் தவறை ஒப்புக்கொண்டார். பல நடுவர்கள் இன்றும் உங்கள் கருவியின் படத்தைப் பார்க்கும்போது மனதில் ஓடுவது அந்த ராட்டினம்தான். அதனால் 'பஞ்சாயத்து ஏற்றுக்கொள்ளும்' என்று எழுதாமல், ஊராட்சித் தீர்மான நகலை இணையுங்கள்: ஆண்டுக்கு இவ்வளவு தொகை, இந்தக் கணக்கிலிருந்து, இந்த ஆபரேட்டருக்கு என்று. ஒரே ஒரு ஊராட்சி கொடுத்தாலும் பத்துப் பாராட்டுக் கடிதத்துக்குச் சமம்.

"அப்படியானால் புதுமையே வேண்டாமா?" என்று கீழே கமெண்ட் வரும், தெரியும். வேண்டும். கேட்ஸ் அறக்கட்டளை 2008இல் தொடங்கிய கிராண்ட் சேலஞ்சஸ் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் முன்தரவுகூட இல்லாமல் இரண்டு பக்க யோசனைக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. அது ஆய்வகத்து யோசனைகளுக்கான கதவு. நீங்கள் ஏற்கெனவே ஊரில் இறக்கிவிட்டீர்கள், உங்களை அளக்கும் கோல் வேறு.

சில சின்ன விஷயங்கள். கெடு 'இரவு 11:59, கிழக்கு நேரம்' என்றால் அமெரிக்கக் கோடையில் நமக்கு மறுநாள் காலை 9:29, குளிர்காலத்தில் 10:29. கடைசி மணி நேரத்தில் தளம் படுத்துவிடும், முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். டிரஸ்ட் பத்திரம், பான் அட்டை, தர்பன் (நிதி ஆயோக்கின் என்.ஜி.ஓ. தளம்) பதிவு, வங்கிக் கணக்கு நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பணம் யூரோவில் வரும், செலவு ரூபாயில் போகும். இன்றைய மாற்று விலையைவிட 5 சதவீதம் குறைத்துப் பட்ஜெட் போடுங்கள். மொத்தப் பணமும் ஒரே தவணையில் வராது, இரண்டாம் தவணை அறிக்கைக்குப் பிறகுதான் வரும், அந்த இடைவெளியில் சம்பளம் எங்கிருந்து என்று யோசித்து வையுங்கள். 'ஜெயித்தால் பத்து சதவீதம்' என்று விண்ணப்பம் எழுத வரும் கன்சல்டன்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அந்தச் செலவை எந்த இனத்திலும் காட்ட முடியாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. கோயம்புத்தூர் பக்கத்தில் 1983 முதல் 1988 வரை கைப்பம்புகளை வரிசையாக வைத்துச் சோதித்தார்கள். தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர், 32 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 65 மில்லிமீட்டர். குழாய் அகலமானதால் மொத்தக் குழாயையும் மேலே இழுக்காமல் பிஸ்டனை மட்டும் உருவி வாஷர் மாற்ற முடிந்தது. இந்தியா மார்க் 3 பம்பு அப்படித்தான் பிறந்தது. ஐந்து ஆண்டு உட்கார்ந்து வாஷரைப் பற்றி யோசிக்க இன்றைக்கு எந்தப் போட்டி காசு தரும்? மூன்று நிமிட வீடியோ கேட்கிறார்கள், அதில் சிரிக்கும் குழந்தை வேண்டும். பழுதான பம்பைச் சரிசெய்யும் திட்டத்தை அனுப்பினால் 'இதில் புதுமை எங்கே' என்று திரும்பி வருகிறது. நிராகரிப்புக் கடிதம் வந்தால் நடுவர் குறிப்பைக் கேட்டு ஒரு வரி பதில் போடுங்கள். சிலர் அனுப்புவார்கள்.